புகைக்கும் அறையும் ஒருவருக்கு வேலையிடம்தான்: பெங்களூரு பார், உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருவில் பார், பப், உணவகம் நடத்தும் உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

இந்த மழைக்காலத் தொடக்கத்தில், நான் வேலை பார்க்கும் பாரில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. சாலையைப் பார்த்தாற்போல் இருந்த இரண்டாம் மாடித் திறந்த பால்கனிக்கு மேலே தகரம் போட்டு, மூன்று பக்கமும் கெட்டிப் பிளாஸ்டிக் திரையை இறக்கி, மேசைகளை உள்ளே வரிசையாகப் போட்டு, ‘ஸ்மோக்கிங் ஏரியா’ என்று ஒரு பலகையையும் மாட்டிவிட்டார்கள். புகைக்கும் வாடிக்கையாளர் மழையில் நனையக் கூடாதாம். அதற்கும் குளிர்சாதனக் கூடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு இருக்கிறது. இரு கையிலும் தட்டேந்திப் போகும் சர்வர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளித் திறக்க முடியாது என்பதால், ஒரு பீர் கிரேட்டை முட்டுக்கொடுத்து இரவு முழுவதும் திறந்தே வைத்திருக்கிறார்கள். கதவுக்கு நேர் எதிரே கேஷ் கவுண்டர். அதில் உட்கார்ந்திருப்பவள் நான்.

மேனேஜரிடம் கேட்டேன். “முதலாளி எடுத்த முடிவு அம்மா. பக்கத்து பாரிலும் இப்படித்தான் இருக்கிறது” என்றார். பக்கத்து பாரில் கேட்டால் எங்கள் பாரைக் காட்டுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். மாலையில் கவுண்டரில் உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டி, கணக்கை முடித்துப் பணத்தை எண்ணிப் பூட்டிய பிறகுதான் எழுந்திருப்பேன். பெயரை எழுதவில்லை. ஏன் என்பது சம்பளம் கொடுக்கும் உங்களுக்குத் தெரியும். என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் ஒடிசா, அசாம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள். இந்த வேலையில் சம்பளத்தைவிட டிப்ஸ் பெரியது. புகைக்கும் மேசைகளில்தான் டிப்ஸ் அதிகம் என்பதால் யாரும் அங்கே போகமாட்டேன் என்று சொல்வதில்லை. “பையன்களே விரும்பித்தான் போகிறார்கள்” என்று நீங்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். பணியாளர்களுக்குத் தெரியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003ஆம் ஆண்டு வந்தது. பொது இடத்தில் புகைப்பதை அதன் நான்காம் பிரிவு தடை செய்கிறது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் வேலையிடங்களையும் அந்தத் தடைக்குள் கொண்டுவந்தன. பார், பப், டிஸ்கோதே எதுவும் தப்பவில்லை. உணவகம் என்ற வரையறைக்குள்ளேயே அவற்றையும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. 30 அறைகள் உள்ள விடுதியும், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரக்கூடிய உணவகமும், விமான நிலையமும் புகைப்பதற்கென்று தனி இடம் வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தனி இடம் எப்படி இருக்க வேண்டும் என்றும் விதியில் எழுதியிருக்கிறது. நான்கு பக்கமும் முழு உயரத்துக்குச் சுவர் வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். அது வழக்கமாக மூடியே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று நேராகக் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். மற்ற பகுதிக் காற்றோடு கலக்கக் கூடாது. மற்ற இடங்களைவிட அங்கே காற்றழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். வாசலிலோ வெளியேறும் வழியிலோ அந்த இடம் இருக்கவே கூடாது. பிளாஸ்டிக் திரையும் பீர் கிரேட்டும் இதில் எந்த வாக்கியத்துக்குள் வருகின்றன என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. 2017இல் திருத்தப்பட்ட விதியின்படி புகைக்கும் இடத்தில் எந்தச் சேவையும் கூடாது. அதாவது, புகைக்க வேண்டியவர் எழுந்து போய்ப் புகைத்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்ப வேண்டும். அங்கே மேசை போட்டுப் பரிமாறக் கூடாது, சர்வர் போகக் கூடாது. நம் பார்களில் நடப்பது என்ன? கூட்டம் அதிகமாக இருப்பதே அந்தப் பகுதியில்தான். சிக்கன் கபாபும் பீரும் அங்கேதான் அதிகம் போகின்றன. பில் போடும் கணினியில் சிகரெட்டுக்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. கபாபுக்குக் கீழே, சோடாவுக்கு மேலே. மேசையிலிருந்து கை காட்டினால் சர்வர் சிகரெட்டும் லைட்டரும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லைட்டர் கொடுப்பதும் ஆஷ்ட்ரே வைப்பதும் விதிப்படி தவறு. அதற்குப் பயந்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம்: ஈர டிஷ்யூ போட்ட பேப்பர் கப். யாராவது சோதனைக்கு வந்தால் அது பேப்பர் கப் மட்டுமே. வருகிறார்கள் என்ற செய்தி எங்களுக்கு எப்போதும் முன்னதாகவே வந்துவிடுகிறது. அது எப்படி வருகிறது என்பது வேறு கதை.

எங்கள் பாரின் வாசலில் ‘இங்கே புகைப்பது குற்றம்’ என்ற பலகை முறைப்படி இருக்கிறது. புகார் சொல்ல வேண்டியவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும், இருக்கிறது. அந்த மனிதர் வேலையை விட்டு துபாய்க்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

கர்நாடக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, உங்களில் பலர் பதறியதைப் பார்த்தேன். பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. புகையிலை வாங்கும் வயது 18லிருந்து 21 ஆனது. ஹுக்கா பார்களுக்கு முழுத் தடை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அரசாணையாக வந்த ஹுக்கா தடையை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. சரி, இனிமேலாவது காற்று தெளியும் என்று நினைத்தோம். எங்கள் பாரில் நடந்தது வேறு. ஹுக்கா வைத்திருந்த மூலை சிகரெட் மூலையாக மாறியது. மழை வந்ததும் மூலை பால்கனியாக விரிந்தது. 1,000 ரூபாய் அபராதம் என்பது அந்த மேசையில் இரண்டு மூன்று பீரின் விலை. அதையும் யாரும் கட்டி நான் பார்த்ததில்லை.

“பால்கனியில்தானே புகைக்கிறார்கள், உங்களுக்கு என்ன?” என்று கேட்பீர்கள். சமையலறையில் கருவாடு வறுத்துவிட்டுக் கூடத்துக்கு வாசனை வராது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்புவீர்களா? என் மூக்கை நம்ப வேண்டாம், என் வவுச்சர்களை நம்புங்கள். ஏசி சர்வீசுக்கு வருகிற மெக்கானிக்குக் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுப்பது நான்தான். அலுவலக அறை ஏசியின் ஃபில்டரில் சாம்பல் நிறத் தூசி இருக்கும், தட்டினால் போய்விடும். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏசியின் ஃபில்டர் தேநீர் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டும். பால்கனியை மூடியதிலிருந்து அதற்கு மட்டும் இடையில் ஒரு சர்வீஸ் கூடுதலாக வருகிறது. அந்தப் பக்கத்து வெள்ளைக் கூரை மஞ்சளாகிவிட்டது. பெயிண்டருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. ஏசிக்கும் கூரைக்கும் நடப்பதைக் கணக்கில் எழுதிப் பணம் ஒதுக்குகிறீர்கள். அதே காற்றை அதே நேரம் மூச்சிழுக்கும் எங்களுக்கு எந்தத் தலைப்பின் கீழும் கணக்கு இல்லை.

பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், காற்றுச் சுத்திகரிப்பான் எல்லாம் வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இதற்கு மருத்துவர்களிடம் போக வேண்டாம், ஏசிக்காரர்களிடமே கேட்கலாம். அமெரிக்காவில் குளிர்சாதன, காற்றோட்டப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே, 2005ஆம் ஆண்டிலேயே தன் நிலையைச் சொல்லிவிட்டது: கட்டடத்துக்குள் புகையால் வரும் உடல்நலக் கேட்டை நீக்க ஒரே வழி உள்ளே புகைப்பதைத் தடை செய்வதுதான். எந்திரம் விற்றால் லாபம் பார்க்கக்கூடிய துறையைச் சேர்ந்தவர்கள் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது. அதன் கீழ் 2007இல் ஏற்கப்பட்ட வழிகாட்டுதலும் தனிப் புகையறைகள் பயன் தராது என்றே சொல்கிறது.

இனி அந்தக் காற்றில் யார் நிற்கிறார்கள் என்று சொல்கிறேன்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஓர் அம்மா காலையில் கூட்டிப் பெருக்க வருகிறார். இரவு ஷட்டர் இறக்கிய பிறகு அந்தப் பிளாஸ்டிக் கூண்டுக்குள் புகை அப்படியே நிற்கும். காலையில் முதல் ஆளாக உள்ளே போய், ஊறிப்போன பேப்பர் கப்புகளைக் கவிழ்த்து, துண்டுகளைப் பொறுக்கி, தரையைத் துடைப்பவர் அவர். மூன்று பக்கத் திரையையும் சுருட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கலாம். ஆனால் மதிய உணவுக்கு மேசை தயாராக வேண்டுமே. புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். அவர் வாழ்நாளில் சிகரெட்டைக் கையில் தொட்டதெல்லாம் குப்பையாகத்தான்.

தருமபுரிப் பையன் ஒருவனுக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு உண்டு. சட்டைப் பையில் இன்ஹேலர் வைத்திருக்கிறான். வாடிக்கையாளர் முன்னால் அதை எடுக்கக் கூடாது என்று சர்வர்களை மேற்பார்க்கும் கேப்டன் சொல்லியிருப்பதால், என் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து இழுத்துக்கொண்டு திரும்ப ஓடுகிறான். “உள்ளே கூடத்தில் நிற்கிறேன் என்று கேளேன்” என்றேன். “கேட்டால் வாரநாள் மதிய ஷிஃப்டில் போட்டுவிடுவார்கள் அக்கா, டிப்ஸ் போய்விடும். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும்” என்றான். வாசலில் வரவேற்பில் நிற்கும் பெண் கர்ப்பமானபோது பகல் வேலை கேட்டாள். தருகிறோம், ஆனால் டிப்ஸ் பங்கில் பாதியைக் குறைப்போம் என்றார்கள். அதனால் அவள் ஏழாம் மாதம் வரை இரவிலேயே நின்றாள்.

கனடாவின் ஒட்டாவா நகரத்தில் ஹெதர் குரோ என்று ஒருவர் இருந்தார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் உணவகங்களில் பரிமாறும் வேலை. ஒரு சிகரெட்டும் புகைத்ததில்லை. 2002இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலையிடத்துப் புகையால் வந்த நோய் என்று கூறித் தொழிலாளர் இழப்பீடு கேட்டார். அந்த மாகாணத்தின் இழப்பீட்டு வாரியமும் ஏற்றுக்கொண்டது. பிறகு இருக்கிற உடம்போடு ஊர் ஊராகப் போய், தன்னைப் போன்றவர்களைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்று பேசினார். 2006 மே மாதம் இறந்தார். அந்த மாதக் கடைசி நாளில் அவருடைய மாகாணமான ஒண்டாரியோவில் மூடிய வேலையிடங்கள் அனைத்திலும் புகைத் தடை அமலுக்கு வந்தது. அவர் வேலை செய்ததும் எங்களைப் போன்ற ஓர் இடத்தில்தான்: மேசை துடைத்தார், ஆர்டர் எடுத்தார், பில் கொடுத்தார்.

நிறுத்தினால் பலன் உண்டா என்றால், உண்டு, அதுவும் வேகமாக. கலிபோர்னியாவில் 1998 ஜனவரி முதல் தேதி பார்களில் புகைக்கத் தடை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் சான் பிரான்சிஸ்கோவில் மது ஊற்றிக் கொடுக்கும் 53 பணியாளர்களைச் சோதித்தார்கள். முன்பு 39 பேருக்கு இருமல், இழுப்பு போன்ற மூச்சுத் தொல்லைகள் இருந்தன. தடை வந்து சில வாரங்களில் அவர்களில் 23 பேருக்கு அவை இல்லை. மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

நம் நாட்டின் நிலை என்ன? வயது வந்தோர் புகையிலைப் பயன்பாடு பற்றிய தேசிய ஆய்வு 2009-10இல் நடந்தபோது, கட்டடத்துக்குள் வேலை செய்வோரில் 29.9 சதவீதம் பேர் வேலையிடத்தில் பிறர் புகையை மூச்சிழுத்தார்கள். 2016-17இல் அது 30.2 சதவீதம். புகையிலைப் பயன்பாடு அந்தக் காலத்தில் குறைந்தது. வேலையிடத்துப் புகை மட்டும் குறையவில்லை.

“இது பார். பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும்” என்று ஒரு முதலாளி என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். ஐயா, எங்களிடம் சாயங்காலம் வருகிறவர்களில் நிறையப் பேர் வெளிவட்டச் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்கிறவர்கள். கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வருவார்கள். பகலில் அவர்களே ஒரு சிகரெட்டுக்காக லிஃப்டில் பன்னிரண்டு மாடி இறங்கி, கேட்டைத் தாண்டி, சாலையோர டீக்கடைக்கு நடக்கிறார்கள். யாரும் முணுமுணுப்பதில்லை. அங்கே பக்கத்து நாற்காலிக்காரரின் நுரையீரல் மதிக்கப்படுகிறது. எட்டு மணிக்கு எங்கள் முன்னால் பற்ற வைக்கும்போது அவர்களும் மாறவில்லை, சட்டமும் மாறவில்லை. எதிரே நிற்பவர் மட்டும் மாறியிருக்கிறார். வேலையிடம் என்று விதி எழுதியவர்கள் மேசை துடைப்பவரின் வேலையிடத்தை விட்டுவிட்டு எழுதவில்லை.

புகைக்கிறவர்கள்மேல் எனக்குப் பகை கிடையாது. என் சொந்த மாமா பீடிக்காரர். எழுந்து வெளியே போகச் சொன்னால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். சொல்ல உங்களுக்குத்தான் தைரியம் இல்லை.

அடுத்து வியாபாரம். உங்கள் பயம் இதில்தான் இருக்கிறது. அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவளுக்கு வாடகையும் உரிமக் கட்டணமும் எவ்வளவு என்று தெரியும். நாம் மட்டும் நிறுத்தினால் கூட்டம் பக்கத்து பாருக்குப் போய்விடும் என்கிறீர்கள். போகலாம். அதனால்தான் எல்லோரும் ஒன்றாக நிறுத்த வேண்டும் என்று கேட்கிறேன். 2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து, நாடு முழுவதும் பப்கள் உட்பட மூடிய வேலையிடங்களில் ஒரே நாளில் தடை கொண்டுவந்தது. அங்கேயும் இதே பயத்தைத்தான் சொன்னார்கள். பிறகு பல நாடுகளின் கணக்குகளைப் பார்த்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இத்தகைய தடைகளால் உணவகம், பார்களின் வியாபாரம் குறைவதில்லை என்று 2009இல் முடிவுக்கு வந்தது.

என் கல்லாக் கணக்கும் ஒன்று சொல்கிறது. ஞாயிறு மதியம் பிரியாணிக்காகக் குழந்தைகளோடு வருகிற குடும்பங்கள் உண்டு. பால்கனியை மூடிய பிறகு, வந்து உட்கார்ந்து, மூக்கைச் சுளித்து, இடம் மாற்றிக் கேட்டு, பிறகு தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்க்கிறேன். ஞாயிறு மதிய பில்கள் இறங்கியிருக்கின்றன. முதலாளி மழையைக் காரணம் சொல்கிறார்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்.

மூடிய இடத்துக்குள் இருக்கும் புகைக்கும் பகுதிகளை எடுத்துவிடுங்கள். சட்டம் அனுமதி தருகிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. நாளைக் காலையே எடுக்கலாம், யாருடைய உத்தரவும் தேவையில்லை. பிளாஸ்டிக் திரை கட்டி மூடிய பால்கனியும் மொட்டை மாடியும் இதில் அடக்கம். அங்கே மழையா புகையா என்று முடிவு செய்யுங்கள்; இரண்டையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

எடுக்கும் வரை, விதியையாவது எழுத்துப்படி கடைப்பிடியுங்கள். கதவு மூடியிருக்கட்டும். மேசைகளை வெளியே எடுங்கள். எந்தச் சர்வரையும் உள்ளே அனுப்பாதீர்கள். பில் கணினியிலிருந்து சிகரெட் பட்டனை நீக்குங்கள். அதற்கு மென்பொருள்காரரை அழைக்க வேண்டாம், நானே ஒரு நிமிடத்தில் நீக்கிவிடுவேன். துப்புரவு செய்பவர் உள்ளே போவதற்கு முன் அந்த இடத்துப் புகை முழுவதும் வெளியேறியிருக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு.

கர்ப்பிணிகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் டிப்ஸ் பங்கு குறையாமல் ஷிஃப்டும் இடமும் மாற்றிக் கொடுங்கள். இதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

வாசல் பலகையில் இன்று பணியில் இருக்கிற மேனேஜரின் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். புகார் வந்து நடவடிக்கை எடுக்காவிட்டால், நடந்த குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அபராதம் பொறுப்பாளர்மேல் விழும் என்று விதி இருக்கிறது. அதை மேனேஜர்களுக்கும் சொல்லிவையுங்கள். புகார் சொன்ன பணியாளரை வேலையிலிருந்து நீக்கமாட்டோம், ஷிஃப்டை மாற்றிப் பழிவாங்கமாட்டோம் என்று உங்கள் சங்கங்கள் தீர்மானம் போட வேண்டும்.

பக்கத்து பாரைப் பற்றிய பயம் உண்மையானால், 30 இருக்கைச் சலுகையையே நீக்கும்படி மாநில அரசுக்கு உங்கள் சங்கங்களே மனுக் கொடுக்க வேண்டும். அபராதத்தையும் வயதையும் திருத்தி, ஹுக்காவை மூடி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வரை கொண்டுபோன மாநிலம் இது. இன்னொரு வரியைத் திருத்த அதற்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே நாளில் தடை வந்தால் கூட்டம் ஓடிப்போகப் பக்கத்தில் வேறு பார் இருக்காது.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். செய்வீர்களா மாட்டீர்களா என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்து, ஒவ்வொரு பாரிலும் பணியாளர்கள் உடை மாற்றும் அறையின் கதவில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
அல்சூரைச் சேர்ந்த ஒரு பார் கேஷியர்